ஒன்பதாவது கொடி

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நான்கு பேர்.

ஆசிப், கோட்டக்குப்பம். வரைபடம் போட்டவன். ஜெயப்ரியா, வானூர். அவனோடு கல்லூரியில் படித்தவள், அவன் போட்டதைச் சரிபார்க்க வந்தவள். விஜயகுமார். வேனும் ஏற்பாடும் அவருடையது. ஆதிமூலம், மரக்காணம் உப்பளத்தில் காவல்காரர்.

நான்கு பேரில் மூன்று பேர் இன்றைக்கும் இருக்கிறார்கள். தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். ஒரு நிமிடம்கூட முன்பின்னாக வராது. இட்டுக்கட்டியவர்களால் அப்படிச் சொல்ல முடியாது.

ஜனவரி பத்து, சனிக்கிழமை. மறுநாள் காலை நாற்பது பள்ளிப் பிள்ளைகள் உப்பளத்தில் ஓரியன்டீரிங் ஓட வருவதாக இருந்தது. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி தொங்கும். ஒவ்வொரு கொடியோடும் ஓட்டை போடும் பஞ்ச் ஒன்று கட்டியிருக்கும். கொடிகளை வரிசையாகக் கண்டுபிடித்து, அட்டையில் பஞ்ச் குத்திக்கொண்டு ஓட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. மழை ஓய்ந்து உப்பு வேலை இன்னும் தொடங்காத நேரம். பாத்திகளில் ஆள் இல்லை. அதனால் இடம் கிடைத்தது.

வரைபடத்தை ஆசிப் வீட்டில் படுத்துக்கொண்டே போட்டான். ஆன்லைன் மேப்பைத் திறந்து, மேலிருந்து எடுத்த படத்தின் மீது வரப்பு வரப்பாகக் கோடு இழுத்தான். படம் ஏப்ரலில் எடுத்தது. உப்பு வாரும் காலம். வரப்பெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. வடக்கு மூலையில், கழுவெளி ஏரித் தண்ணீரை ஒட்டி, ஒரே ஒரு தகரக் கொட்டகை. சுற்றிலும் வேறு ஒன்றும் கிடையாது. கடைசிக் கொடிக்கு அதைவிட நல்ல இடம் அமையாது.

ஒன்று மட்டும் உறுத்தியது. உப்புக் குவியல்களின் நிழல் எல்லாம் மேற்கே விழுந்திருந்தது. கொட்டகையின் நிழல் கிழக்கே விழுந்திருந்தது. படத்தை ஒட்டுப்போடும்போது வந்த கோளாறு என்று விட்டுவிட்டான்.

மூன்றரைக்கு உப்பளத்தில் இறங்கினார்கள். தரை வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்த வரப்புகள் கரைந்துபோகும். பொங்கல் முடிந்ததும் ஆட்கள் மண்ணை மிதித்துப் புதிதாகக் கட்டுவார்கள். மரக்காணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படுத்துக்கொண்டு கோடு இழுத்தவனுக்குத் தெரியவில்லை.

எட்டுக் கொடிகளைக் கட்டினான். வடக்கே போகும் வரப்பு பாதியில் அறுந்து கிடந்தது. அதற்கப்பால் தண்ணீர். ஆசிப் தன் ஷூவைப் பார்த்தான். புதுசு. திரும்பிவிட்டான். விடிந்ததும் வந்து கட்டிக்கொள்ளலாம்.

“ஒன்பதும் வெச்சிட்டியா?” என்றாள் ஜெயப்ரியா.

“வெச்சாச்சு.”

“நெஜமா? போன தடவ ஏழாவது கொடிய ஆடு தின்னுடுச்சுன்னு கத வுட்ட.”

“தின்னுச்சுடி. பாதி.”

சரிபார்க்கிறவர் தனியாகத்தான் போக வேண்டும். கொடி கட்டியவன் கூடப் போனால், அவன் கால் திரும்பும் திசையே வழியைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வேலையில் அதுதான் முறை. விஜயகுமாருக்கு மனம் ஒப்பவில்லை. லைவ் லொகேஷன் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

“டேய் ஆசிப், போன பாத்துனே இரு.”

“நான் என்ன எல்கேஜியா, ண்ணா?” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அப்போது மணி ஐந்து. வரப்பு அறுந்த இடத்தில் நிற்பாள், போன் போட்டுத் திட்டுவாள், திரும்பி வந்துவிடுவாள். உண்மையை அப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆசிப்பின் கணக்கு அதுதான்.

5.38. போன் வந்தது.

“எட்டு ஓகே. ஒன்பதுக்குப் போயினு இருக்கேன்.”

“வரப்பு எப்டி இருக்குது?”

“சூப்பரா இருக்குதே. காஞ்சி கெடக்குது. உன் மேப்ல இருக்கற மாதிரியே நேரா போவுது.”

ஆசிப் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். வேறு வரப்பில் ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். திரையில் அவளுடைய புள்ளி வடக்கே நகர்ந்தது. நேராக. ஒரு இடத்திலும் தயங்காமல்.

5.52.

“ஒன்பது கெடச்சிடுச்சு. ஷெட்டு வாசல்லயே கட்டியிருக்க. நல்ல எடம்டா. பஞ்ச் பண்ணிட்டேன்.”

வைத்துவிட்டாள்.

ஆசிப் பையைத் திறந்தான். ஒன்பதாவது கொடி உள்ளே மடித்தபடி இருந்தது. பஞ்ச் அதோடு கட்டியபடி இருந்தது.

திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை.

“ண்ணா... ஒன்பதாவத நான் வெக்கல.”

“வெச்சேன்னு சொன்னியேடா?”

“பொய் சொன்னேன். ஷெட்டு வாசல்ல கட்டியிருக்குதுன்னு சொல்றா.”

விஜயகுமார் அவனை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆதிமூலம் வந்தார்.

“எந்த ஷெட்டு தம்பி?”

“வடக்கு மூலைல. கழுவெளி ஓரமா.”

“அங்க ஏதுப்பா ஷெட்டு? இருவது வருசமா இங்கதான் கெடக்கறேன். அங்க தண்ணிதான்.”

6.03. இந்த முறை எடுத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

“உள்ள யாரோ இருக்காங்கடா. வெளக்கு எரியுது.”

“யாரு?”

“தெரியல. முதுகு காட்டினு நிக்கறாங்க.”

“ஜெயா, வெளிய வந்துடு. ஓடி வா.”

“எதுக்கு ஓடணும்? அதான் நீ வந்துனு இருக்கியே. தெரியுது... வா.”

ஆசிப் வேனை விட்டு ஒரு அடி நகர்ந்திருக்கவில்லை.

அப்புறம்தான் ஓடினான். பின்னால் ஆதிமூலம். விஜயகுமார் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டே வேனருகே நின்றார். சூரியன் போய்விட்டது. வரப்பு வழுக்கியது. இரண்டு முறை விழுந்தான். அறுந்த இடத்தில் இறங்கினான். முழங்கால். பிறகு தொடை. போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டான்.

காய்ந்த வரப்பு என்று அவள் சொன்ன இடம் முழுக்கத் தண்ணீர்.

“தம்பி, அதுக்கு மேல சேறு இழுக்கும். நில்லு!” ஆதிமூலம் கத்தினார்.

ஆசிப் நிற்கவில்லை. திரையில் இரண்டு புள்ளிகள். நெருங்கின. தொட்டன. ஒன்றாயின.

6.24.

டார்ச் அடித்தான். சுற்றிலும் அடித்தான்.

தண்ணீர். வெறும் தண்ணீர். ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை.

கூப்பிட்டான். அவன் காதுக்குள் மணி அடித்தது. வெளியே எங்கேயும் அடிக்கவில்லை.

எடுத்தாள்.

“எங்கடி இருக்க?”

“இங்கதான். உன் டார்ச் தெரியுது. கதவு இடுக்குல.”

“எந்தப் பக்கம்?”

“உனக்கு நேரா. வெளையாடாதடா. தள்ளு.”

கையை நீட்டினான். காற்று. இன்னும் நீட்டினான். காற்று...

“ஆசிப்... கதவ ஏன் புடிச்சினு நிக்கற?”

“நான் புடிக்கல. ஜெயா, நான் எதையும் புடிக்கல...”

“உன் கை தெரியுதுடா.”

சத்தம் நின்றது. அவள் வைத்துவிட்டாள் என்று நினைத்து மறுபடி கூப்பிட்டான். மணி அடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருபோதும் அடிக்கவில்லை.

ஆதிமூலம்தான் இடுப்பில் துண்டைப் போட்டு அவனைக் கரைக்கு இழுத்தார்.

மூன்று நாள் தேடினார்கள். தீயணைப்பு ஆட்கள், குப்பத்துப் படகுகள், வலை. அந்தத் தண்ணீர் எந்த இடத்திலும் ஒரு ஆளின் நெஞ்சுக்கு மேல் இல்லை. செருப்பு இல்லை. போன் இல்லை. பஞ்ச் அட்டை இல்லை. போலீசுக்குக் காட்ட ஆசிப் அதே மேப்பைத் திறந்தான். அதே ஏப்ரல், அதே தேதி. வடக்கு மூலையில் கொட்டகை இல்லை.

ஜெயப்ரியாவின் அப்பா காசிலிங்கம் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் படகுகள் திரும்பிய பிறகு ஆசிப்பைக் கூப்பிட்டார். ஒன்றுதான் கேட்டார்.

“பயந்தாளாப்பா?”

“இல்லீங்க” என்றான் ஆசிப்.

ஆசிப் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலையில் இருக்கிறான். வாடிக்கையாளர்கள் பேச்சு மாறுவார்கள் என்பதால் அவன் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். கடைசி அழைப்பைக் கேட்க அவனுக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. பகல் பதினொரு மணிக்கு, அறையில் தனியாக, இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டான்.

அந்தப் பதிவில் இரண்டு பக்கமும் தனித்தனியாக விழும். எதிரில் பேசுகிறவர் இடது காதில். அவன் நிற்கிற இடம் வலது காதில்.

உன் கை தெரியுதுடா. இடது காது.

அவனுடைய மூச்சு. வலது காது.

அழைப்பு அங்கே முடிந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். பதிவு முடியவில்லை. இன்னும் ஒன்பது நொடி ஓடியது.

இடது காதில் அவள் அவன் பெயரைச் சொன்னாள். ஒரே ஒரு முறை. மெதுவாக.

பிறகு தகரக் கதவு தரையில் உரசிக்கொண்டு மூடியது. நாதாங்கி விழுந்தது. பூட்டில் சாவி ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று.

வலது காதில்.