என் குரலுக்காக ஒரு சப்வூஃபர்

2006 ஜூன் 10, இரண்டாம் சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.05 முதல் 5.45 வரை நடை. கேம்ப் ரோடு சந்திப்பு வரை போய்த் திரும்பினேன். பால் இரண்டு பாக்கெட். 6.00 காபி. 6.15 வேதவாசிப்பு, ஜெபம். 7.00 கார் கழுவினேன், மூன்று வாளித் தண்ணீர். 8.10 இட்லி ஐந்து. 9.00 முதல் 10.00 வரை பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் பாடக்குறிப்பு எழுதினேன்.

அன்றைய நாட்குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே, '10.20 – கார் ஆடியோ, தீர்மானம் செய்யும் நாள்' என்று எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் சபையின் பாடகர் குழுவில் பத்தொன்பது வருடமாக நான் பேஸ் பாடி வந்தேன். நான்கு குரல்களில் எல்லாவற்றுக்கும் அடியில் போகும் ஆண் குரல் அது. அந்த வரிசையில் நாங்கள் இரண்டே பேர். நான் ஒருவன், என் வலப்பக்கத்தில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அந்த வருட ஈஸ்டருக்கு எங்கள் குழு பன்னிரண்டு பாட்டுகளை ஆலயத்திலேயே பதிவு செய்து ஒரு சிடி வெளியிட்டது. முதல் பிரதியை வாங்கிக் காரில் போட்டுக் கேட்டேன். பன்னிரண்டு பாட்டிலும் நான் இல்லை.

என் மனைவி அதே குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெக்கார்டிங் அன்னைக்கு நீங்க வந்தீங்கதானே?" என்றாள்.

எங்கள் சின்னக் காரில் கம்பெனியே வைத்துக் கொடுத்த பிளேயரும் முன்கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர்களும்தான் இருந்தன. ஒவ்வொன்றும் தயிர் வடைத் தட்டு அளவு. அவற்றால் தாழ்ந்த ஒலிகளைத் தர முடியாது என்று விளக்கினேன். என் குரல் ஏறத்தாழ எண்பது ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அதன் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல் என்று ஒரு காகிதத்தில் போட்டும் காட்டினேன்.

"கார் எவ்வளவு நீளம்?"

"மூன்றரை மீட்டர்."

"அப்ப உங்க குரல் காருக்குள்ள நுழையவே முடியாதே. வெளிய நிக்குது, பாவம்."

இயற்பியல் அப்படி இல்லை என்று சொல்லி இன்னொரு காகிதம் எடுத்தேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாத விவாதத்துக்குப் பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சேலையூரிலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் இருந்த கார் ஆடியோ கடையில், உயர்ரக செட் முழுவதும் பொருத்துவதற்கு முப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். கடைக்காரர் தன் சொந்தக் காரிலேயே அதே செட்டை மாட்டி வைத்திருந்தார். அதில் எங்கள் சிடியைப் போட வேண்டும். ஒரு பாட்டிலாவது என் குரல் கேட்டால் வாங்குவது. கேட்காவிட்டால் அந்தப் பணம் சமையலறை அலமாரிக்கு. அதோடு, "இனிமே வாழ்நாள்ல அலைநீளம்ங்கற வார்த்தையை வீட்டுக்குள்ள சொல்லக் கூடாது" என்று ஒரு துணை நிபந்தனையும் சேர்த்தாள்.

10.20க்குக் கிளம்பி 10.35க்குக் கடையில் இருந்தோம். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தன் காரின் டிக்கியைத் திறந்து காட்டினார். ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் துணி ஒட்டிய பெரிய பெட்டி ஒன்று இருந்தது.

"இதாங்க சார் சப்வூஃபர். மத்தது எல்லாம் காதுக்கு. இது நெஞ்சுக்கு. உள்ள ஏறுங்க, ஒரு தபா கேளுங்க, அப்பால பேசலாம்."

முதலில் அவருடைய விருப்பப் பாட்டு ஒன்றைப் போட்டார். என் சட்டைப்பையில் இருந்த பேனா ஆடியது. பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தம்ளரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். பின்னிருக்கையில் மனைவி கைப்பையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு, "நிறுத்தச் சொல்லுங்க, இட்லி மேல வருது" என்றாள்.

பிறகு எங்கள் சிடி. நான் மடியில் நோட்டை விரித்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தேன்.

அந்த செட் நல்ல செட்தான். அதை மறுக்கவே முடியாது. முதல் பாட்டில் யாரோ பக்கம் புரட்டியது கேட்டது. மேலே ஓடிய மின்விசிறியின் கிறீச்சு கேட்டது. ஆர்கன் வாசிப்பவர் மிதியை மிதிக்கும்போது அவருடைய செருப்பு எழுப்பிய சத்தம்கூடக் கேட்டது. மனைவி முன்னால் குனிந்து, "அது நான்! அந்த இழுப்பு நான்தான்!" என்றாள். அவள்தான். சந்தேகமே இல்லை. இரண்டாம் பாட்டிலும் அவள். மூன்றாம் பாட்டில் ஓர் ஆழமான ஆண் குரல் தூண் மாதிரி எழுந்து நின்றது.

கடைக்காரர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "இந்தா கீது சார் உங்க வாய்ஸு! சும்மா கும்முன்னு கீது!"

"அது அவர்," என்றேன்.

"எவரு?"

"ரயில்வே."

"ஓ. அப்ப உங்களுது?"

"இனிமேல்தான் வரணும்."

நான்கு, ஐந்து, ஆறு. ரயில்வே பெரியவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவருக்கு இடப்பக்கம், நான் நின்ற இடத்தில், பேரமைதி. கட்டங்களில் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனேன். மனைவி கொஞ்ச நேரம் கேலி செய்யாமல் இருந்தாள். அது கேலியைவிட மோசமாக இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க அவர் பாடுற வரைக்கும் காத்திருந்து, சுருதி சரியா இருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் வாயைத் திறக்கறீங்க. அதுக்குள்ள அந்த வார்த்தை முடிஞ்சு போயிடுது."

"சரிபார்க்காமல் எப்படிப் பாடுவது?"

"நாங்கல்லாம் பாடலையா?"

ஏழாவது பாட்டு முடிவுக்கு வந்தது. "இப்ப ப்ளேன் வரும்" என்றாள் மனைவி கடைக்காரரிடம். அந்த இடத்தில் ஓர் இரைச்சல் இருப்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். விமானப்படைத் தளம் இருக்கும் தாம்பரத்தில் விமானச் சத்தம் இல்லாமல் எதையும் பதிவு செய்ய முடியாது என்று குழுத்தலைவரே எல்லோரிடமும் வருத்தம் தெரிவித்திருந்தார். வீட்டில் கேட்கும்போது அது ஒரு மங்கலான உறுமல், அவ்வளவுதான்.

இங்கே அது உறுமல் அல்ல. "ஆ" என்ற எழுத்து. கனமாக, வட்டமாக, தயக்கமே இல்லாமல் பெட்டியிலிருந்து எழுந்து எங்கள் முதுகுகளைத் தொட்டது. ஒன்றேகால் வினாடிக்குப் பிறகு யாரோ மூடி போட்டதுபோல் 'உப்' என்று நின்றது. அதைத் தொடர்ந்து ரயில்வே பெரியவரின் கிசுகிசுப்பு, துல்லியமாக: "சார், இது கீர்த்தனை சார்."

கடைக்காரருக்குப் புரியாததால் நான் விளக்க வேண்டியதாயிற்று. மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டுகளுக்கு முடிவில் 'ஆமென்' பாடுவோம். தமிழ்க் கீர்த்தனைகளுக்கு அது கிடையாது. ஏழாவது பாட்டு ஒரு கீர்த்தனை. ஆனால் நான்கு குரல்களுக்கு அமைத்திருந்ததால் நான் மறந்துபோய் ஆமெனைத் தொடங்கிவிட்டேன். எல்லோரும் வாயை மூடியிருப்பதைப் பார்த்து நடுவிலேயே நிறுத்தினேன். அன்று பெரியவரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, பிறகு நானே அதை மறந்துவிட்டேன்.

"ரெண்டு மாசமா ப்ளேன் ப்ளேன்னு சொல்லிக்கிட்டு இருந்தோமே!" மனைவிக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "நீங்களும்தானே தலையாட்டினீங்க!"

"எனக்கும் ப்ளேன் மாதிரிதான் கேட்டது."

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் தொழில்முறை மரியாதை தெரிந்தது. "சார், செம பேஸ் சார். இன்னொரு தபா போடறேன்." போட்டார். மறுபடியும் போட்டார். ஒலியைக் கூட்டி நான்காம் முறை போட்டபோது டீக்கடையிலிருந்து இருவர் எழுந்து வந்து ஜன்னலில் குனிந்தார்கள். "இன்னாபா அது, மாடா?" என்று ஒருவர் கேட்டார். "சாரோட வாய்ஸு," என்று கடைக்காரர் என்னைச் சுட்டிக்காட்டினார். கேட்டவர் உடனே கை கூப்பினார்.

எட்டு முதல் பன்னிரண்டு வரை மறுபடியும் ரயில்வே.

திரும்பும் வழியில் வாதம் தொடங்கியது. குரல் கேட்டதா, கேட்கவில்லையா? கேட்டது என்று நான். பாட்டில் கேட்டால்தான் என்பது ஒப்பந்தம், இது பாட்டு முடிந்த பிறகு என்று அவள். சிடியில் ஏழாவது பாட்டின் நேரத்துக்குள்தான் அது வருகிறது என்று நான். அப்படியென்றால் 'சார், இது கீர்த்தனை சார்' என்பதும் பாட்டா என்று அவள். கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு மாறிப் பச்சை வந்தும் நான் நகரவில்லை; பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர், "இன்னா சார், வூட்டுச் சண்டைய வூட்ல போய் வெச்சுக்கங்க!" என்று கத்தினார்.

ஆனால் நான் உள்ளுக்குள் வாங்குவதென்றே முடிவு செய்திருந்தேன். முப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும், பள்ளிக்குப் போகும் வழியில்கூட, அந்த ஒன்றேகால் வினாடியைக் கேட்கலாம். பத்தொன்பது வருடத்தில் நான் பாடியதற்கு வேறு சான்று எதுவும் இல்லை.

மாலை 6.30க்குப் பாடற்பயிற்சி. முதல் பாட்டுக்கு முன்பே குழுத்தலைவர் கையைத் தட்டினார்.

"ஒரு நல்ல செய்தி. சிடி கிட்டத்தட்ட எல்லாம் வித்துப்போச்சு. இன்னும் முந்நூறு போடப் போறோம். ஏழாவது பாட்டு கடைசியில ப்ளேன் சத்தம் இருக்கில்ல? திங்கக்கிழமை ஸ்டூடியோவுல அதைச் சுத்தமா எடுத்துடறேன்னு சொல்லியிருக்காங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். ரயில்வே பெரியவர் தன் செருப்பைப் பார்த்தார். பெண்கள் வரிசையிலிருந்து மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. 'சொல்லுங்க' என்பதுபோல் இருந்தது. நான் எழுந்தேன்.

"ஐயா..."

"என்ன சார்?"

"அந்த ப்ளேன்..."

"ஆமா, அதான் எடுத்துடறோமே."

"இல்லை... ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமா?"

ஃபேனைக் குறைத்தார்கள். ஜூன் மாதம். ஒன்றரை மணி நேரம் இருபத்திரண்டு பேர் என்னால் வியர்த்துப் பாடினார்கள்.

இரவு உணவுக்குப் பிறகு நாட்குறிப்பைத் திறந்தேன். பகலில் சரியாக இருந்த கணக்கு இப்போது தவறாகத் தெரிந்தது. செட் வாங்கினால், பத்துப் பாட்டுகளில் ரயில்வே பெரியவரைத் தினமும் கேட்க வேண்டியிருக்கும். அவர் நல்ல மனிதர். ஆனால் அவரைக் காரில் கூட்டிப்போக முப்பத்து நாலாயிரம் அதிகம். தவிர, கிளம்பும்போது கடைக்காரர் கை கொடுத்து, "வாங்கினாலும் வாங்காங்காட்டியும் வா சார். உன் வாய்ஸு கேக்கறதுக்கு நம்ம வண்டி எப்பவும் கீது" என்று சொல்லியிருந்தார். அதனால் செட் தேவையில்லை. சிடிதான் தேவை. அதுவும் பழைய சிடி, எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு. எங்கள் வீட்டில் இருந்ததோ ஒன்றே ஒன்று. டீக்கடைக்கு முன்னால் வைத்து அதைப் பிளேயரிலிருந்து அவசரமாக உருவியதில் ஒரு கீறலும் விழுந்திருந்தது.

'தீர்மானம்: செட் வேண்டாம்' என்று எழுதினேன். மனைவி தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "நான் ஜெயிச்ச மாதிரியே இல்லையே" என்றாள். 9.30க்குப் படுத்தேன். 9.50 வரை தூக்கம் வரவில்லை.

ஜூன் 11, ஞாயிறு. 4.50க்கு எழுந்தேன். நடைக்குப் போகவில்லை. முதல் வேலையாக, சிடி விற்பனையைக் கவனித்துவந்த, சபையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண்மணியின் வீட்டுக்குப் போனேன். அடுத்த தெருதான். 5.10க்கு அழைப்பு மணியை அடித்தேன். அந்த நேரத்தில் சபையார் ஒருவர் வாசலில் நின்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. அக்கா கூந்தலை முடிந்துகொண்டே ஓடிவந்தார்.

"ஐயோ அண்ணா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒன்றும் இல்லை. பழைய சிடி எத்தனை மீதி இருக்கு?"

அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் மூச்சு வாங்கினார். "பதினேழு இருக்கும்."

"பதினேழையும் கொடுங்க."

"எதுக்கு அண்ணா? புதுசு வரப்போகுதே. அதுல ப்ளேன் சத்தமே இருக்காதாம்."

"எனக்கு அந்த ப்ளேன் பிடிக்கும்," என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பெட்டியோடு திரும்பி வந்தபோது, பின்னால் அவருடைய கணவரும் என்னைப் பார்ப்பதற்காக எழுந்து வந்திருந்தார்.