ஹமீது பாய் சரி சொல்லாத வண்டிகள்

ராஜேந்திரன் போன் செய்தபோது நான் தாம்பரம் மார்க்கெட்டில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மேடம், ஹமீது பாய் போயிட்டாரு. காலைல தொழுதுட்டு வந்து நாற்காலில உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நானும் பாயும் பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசியாகப் பேசியதும் பேச்சில்லை, சண்டை. அதை முடிக்காமல் எழுந்து போய்விட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. "எடுக்கிறீங்களா இல்லையாம்மா?" என்று கடைக்காரம்மா கேட்டார். கையிலிருந்ததைக் கூடையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. நம் பழைய அலுவலக நண்பர்கள் குழுவில் அன்றே எல்லாரும் இரண்டு வரி எழுதினீர்கள். பொறுமையின் சிகரம், தங்கமான மனிதர் என்றெல்லாம். நான் ஒன்றும் எழுதவில்லை என்று சிலருக்கு வருத்தம். பொறுமையின் சிகரத்தோடு பதினோரு வருடம் கார் பார்க்கப் போயிருந்தால் நீங்களும் எழுதியிருக்க மாட்டீர்கள். இப்போது எழுதுகிறேன். திட்டவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தாம்பரம் கிளையில், மோட்டார் பிரிவில் வேலை பார்த்தோம். அடிபட்ட வண்டிகளை நேரில் போய்ப் பார்த்து, என்ன சேதம் என்று எழுதிக்கொண்டு வருவது அவர் வேலை. அதைக் கோப்பில் சேர்த்து மேலே அனுப்புவது என் வேலை. ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றோம். அதன் பிறகு செம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர் பக்கத்துக் குடும்பங்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தன. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சின்ன கார் வாங்க நினைப்பவர்கள். புதிது எடுப்பதா, பழசே போதுமா என்று குழம்பி நிற்பவர்கள். பாய் யாரிடமும் ஒரு டீக்கு மேல் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. அதனாலேயே அவரை யாராலும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது.

வண்டி பார்க்கப் போனால் அவர் ஓட்ட மாட்டார். நான்தான் ஓட்ட வேண்டும். அவர் பின் சீட்டில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவார். தூங்குகிறாரோ என்று கண்ணாடியில் பார்த்தால், "ஸ்பீடு பிரேக்கர்ல இவ்ளோ மெதுவா போகாதீங்க மேடம். உங்க வண்டின்னு நெனச்சிக்கினு ஓட்டாதீங்க" என்பார். கொஞ்ச தூரம் போனதும், "வலது பக்கம் பின்னால ஒரு முனகல் கேக்குது" என்பார். எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. முன்னால் உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "ஸ்டீரிங் புடிச்ச சந்தோஷத்துல முன்னாடி இருக்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது மேடம். காலம் பூரா அனுபவிக்கப் போறது பின்னாடி இருக்கிறவங்கதான்" என்றார்.

செம்பாக்கம் ஏரிப் பக்கத்தில் ஒரு புரோக்கர் இருந்தார். பாயைக் கண்டாலே அவருக்கு முகம் சுருங்கும். ஆனாலும் விடமாட்டார். "இன்னா பாய், வண்டி சும்மா கல்லு மாதிரி கீது. டாக்டரு ஓட்டுன வண்டி" என்று ஆரம்பிப்பார். "நீ காட்டுற வண்டி எல்லாத்தையும் டாக்டரே ஓட்டிக்கினு இருந்தா, வைத்தியம் யாருப்பா பாத்தது?" என்று கேட்டபடி பாய் டிக்கியைத் திறப்பார். ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழிக்குள் கையைவிட்டுத் தடவுவார். சீட்டுக்கு அடியில் திருகாணிகளின் தலையில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடிப்பார். கடைசியாக, ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் இனி வராது என்கிற வரை வெளியே இழுப்பார். தண்ணீரில் மூழ்கிய வண்டிக்கு சீட்டு மாற்றலாம், கார்ப்பெட் மாற்றலாம். உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ட்டின் நுனியில் படிந்த சேற்றை யாரும் துடைப்பதில்லை. நம் பக்கத்தில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் எத்தனை வண்டிகள் காய வைத்து விற்கப்படுகின்றன என்று நமக்குத் தெரியாதா என்ன.

புது வண்டி என்றால் பிழைத்தோம் என்று நினைக்காதீர்கள். ஷோரூமில் அவர் படுத்திய பாடு இன்னும் மோசம். விற்பனைக்காரத் தம்பி திரையைத் தொட்டுத் தொட்டு வித்தை காட்டுவார். பாய் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். பின் கதவின் கண்ணாடி முழுதாக இறங்குகிறதா என்று பார்ப்பார். தையற்கடை இன்ச் டேப்பை எடுத்து, தரையிலிருந்து பின் சீட் எத்தனை உயரம் என்று அளப்பார். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தச் சொல்லி, பிறகு ஏசியைப் போட்டு, பின்னால் குளிர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்பார். "சார், இந்த செக்மென்ட்ல இதுதான் பெஸ்ட்" என்றார் ஒரு தம்பி. "செக்மென்ட்டு இருக்கட்டும் தம்பி. என் வூட்டம்மா அதுல உக்காரப் போறதில்ல, சீட்டுலதான் உக்காரப் போறாங்க" என்றார் பாய். அந்தத் தம்பி எங்களுக்குத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால் சொல்ல மாட்டார். இதுதான் என் ஆத்திரம். குறைகளை வரிசையாகச் சொல்வார், நிறைகளையும் நேர்மையாகச் சொல்வார். "எடுங்க" என்ற ஒரு சொல் மட்டும் வாயிலிருந்து வராது. வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பாயைப் பார்ப்பேன். பாய் டீ டம்ளரைப் பார்ப்பார்.

அவரும் ஒரு காலத்தில் சொன்னவர்தான். ராஜேந்திரன் முதல் வண்டி வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ராஜேந்திரன் எங்களோடு அதே பிரிவில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் மனைவி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பாய் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, முன் பெல்ட்டுகளை இழுத்தும் பார்த்துவிட்டார். பின் பெல்ட்டுகள் பாக்கி. ராஜேந்திரன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் நம்பிக்கையில் நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்று பாய் நினைத்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு, "எடுத்துக்கோங்க ராஜேந்திரன்" என்றார். விற்றவன் முன் பெல்ட்டுகளை மட்டும் மாற்றியிருந்தான். பின்னால் மாற்றவில்லை. அது தண்ணீரில் நின்ற வண்டி.

அடுத்த மழையில், ராஜேந்திரனின் மகள் நுழைவுத் தேர்வுக்குப் போன காலையில், மேடவாக்கம் கூட்டு ரோட்டில் அந்த வண்டி அப்படியே அணைந்துபோனது. தள்ளி ஓரம் கட்டி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போயிற்று. மறுநாள் பாய் அவர்கள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "விடுங்க பாய், உங்க தப்பு என்ன இருக்கு" என்றார் ராஜேந்திரன். அந்தப் பெண் அழுது வீங்கிய முகத்தோடு டீ கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் நன்றாகத் திட்டியிருந்தால் பாய் பிழைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அதன் பிறகு அவர் யாருக்கும் எந்த வண்டிக்கும் சரி சொல்லவில்லை.

மற்றவர்கள் கதை போகட்டும். அவர்கள் வேறு யாரையாவது கேட்டு எப்படியோ வாங்கிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டது மும்தாஸ்தான். பாயின் மனைவி. முட்டி வலியால் அவளால் பஸ் ஏற முடியாது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார முடியாது. லாத்தா என்று அவள் கூப்பிடும் மூத்த சகோதரி கோவிலம்பாக்கத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். "கால் டாக்ஸி புக் பண்ணி, புர்கா போட்டுக்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பேன் அக்கா. அவன் கேன்சல் பண்ணிடுவான். அடுத்தவனும் கேன்சல் பண்ணிடுவான். திரும்ப உள்ள போய் புர்காவ கழட்டி மாட்டுவேன்" என்று ஒருமுறை சொன்னாள். நான் இரண்டு தடவை என் வண்டியில் அழைத்துப் போனேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. எத்தனை தடவைதான் கேட்பாள்?

பாய் தேடாமல் இல்லை. ஊராருக்குப் பார்த்ததைவிட அவளுக்காகப் பார்த்த வண்டிகள்தான் அதிகம். இன்ச் டேப் அவள் முட்டிக்காக வாங்கியது. ஒன்றில் சீட் தாழ்வு, ஒன்றில் கதவு குறுகல், ஒன்றில் எல்லாம் சரி, ஆனால் ஏனோ மனசு ஒப்பவில்லை. இப்படியே பதினோரு வருடம்.

கடைசியாகப் பார்த்தது சிட்லபாக்கத்தில். ஓய்வு பெற்ற தம்பதி, அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போகிறார்கள். வண்டி கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே போய்வந்தது. சீட் உயரம் சரியாக இருந்தது. பெல்ட்டுகள் சுத்தமாக இருந்தன. ஏரியைச் சுற்றி மூன்று முறை ஓட்டினேன். பின் சீட்டில் பாயின் மூச்சு மட்டும்தான் கேட்டது. இறங்கி, வண்டியை இரண்டு முறை சுற்றி வந்து, "ஹாரன் சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு மேடம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டு வாசலிலேயே கத்திவிட்டேன். "உங்களுக்கு வண்டி வேணாம் பாய். பயந்துக்கிட்டு உக்காந்திருக்க ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான். கடைசி வரைக்கும் மும்தாஸ வாசல்ல நிக்க வச்சுட்டுத்தான் போகப் போறீங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டே நாளில் அந்த வண்டியை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் ராஜேந்திரன் போன் செய்தார். நான் சொன்னது தவறென்று இப்போதும் சொல்ல மாட்டேன். அதை அடுத்தவர் வீட்டு வாசலில், மூன்றாம் மனிதர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

பாய் இறந்த அன்று அவர்கள் வீட்டில் மும்தாஸின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாயின் போன் அடித்தது. அவளே எடுத்தாள். "பாய் இருக்காரா? ஒரு வண்டி பாக்கணும்" என்றது ஒரு குரல். "அவரு இல்லப்பா" என்றாள். "எப்ப வருவாரு?" என்று கேட்டது அந்தக் குரல். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.

கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இத்தா என்பார்கள். அது முடிந்த மறுநாள் காலையிலேயே மும்தாஸ் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, சும்மாதான இருக்கீங்க? வாங்க, ஒரு வண்டி பாக்கணும்." யாருக்கு என்று கேட்டேன். "எனக்குத்தான். கியர் இல்லாத வண்டி. டிரைவிங் கிளாஸ்ல சேந்துட்டேன். முட்டி எனக்கு படி ஏறி எறங்கறப்பதான் மக்கர் பண்ணும், பெடல் மிதிக்கிறப்ப இல்ல" என்றாள். இத்தனை வருடத்தில் இது பாய்க்கும் எனக்கும் தோன்றவே இல்லை. அவள் பின்னால் உட்காருவாள் என்றே பாயும் அளந்தார், நானும் ஓட்டினேன்.

செம்பாக்கத்தில் ஒரு நர்ஸ் பெண், வேலைக்காக வெளிநாடு போகிறவள், தன் வண்டியை விற்கிறாள். ஓட்டிப் பார்த்தேன். டிக்கியைத் திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கி, நான்கு பெல்ட்டையும் கடைசிவரை இழுத்தேன். ஒரு குறையும் இல்லை. "ஆன்ட்டி, என்ன சொல்றீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். மும்தாஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துக்கோ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பதினோரு வருடமாக ஒரு மனிதரிடமிருந்து அந்த ஒரு சொல்லைப் பிடுங்கப் பார்த்தவள் நான். எனக்கு வாய் வரவில்லை. கொட்டும் மழையும், நடு ரோட்டில் அணைந்துபோன வண்டியும், அதற்குள் தனியாக மும்தாஸும் கண்முன் வந்து நின்றார்கள். "பின்னாடி டயர் ரெண்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கு மும்தாஸ். இன்னும் ஒண்ணு ரெண்டு பாத்துட்டு..." என்று என் குரலிலேயே கேட்டது.

மும்தாஸ் சிரித்துவிட்டாள். கண்ணும் நிறைந்துவிட்டது. "போதும் அக்கா. வண்டின்னா ஒரு நாள் நிக்கத்தான் செய்யும். நின்னா எறங்கித் தள்ளிக்கலாம்" என்றாள். அந்தப் பெண்ணிடம் திரும்பி, "நான் எடுத்துக்கறேம்மா" என்றாள்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று நீங்கள் கேட்டால், பெல்ட்டை இழுத்துப் பார்க்கும் சாமர்த்தியத்தைச் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் வரும். அடுத்தவருக்குச் சரி என்று சொல்லப் போகும்போது வந்து மறிக்கிறதே, அந்தப் பயம் அவருடையது. அதைத்தான் நான் பிடிவாதம் என்றும் கோழைத்தனம் என்றும் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அது என்னிடம் வந்துவிட்டது. அந்த இரண்டு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கோபத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை மும்தாஸின் வண்டியில் கோவிலம்பாக்கம் போனோம். அவளுக்கு லைசென்ஸ் வரும்வரை நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, என் காலையே கவனித்துக்கொண்டு வந்தாள். லாத்தாவுக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரிவதில்லை. மும்தாஸ் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், மதியம் வரை விடவில்லை. வீட்டிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம், பாய். அவ்வளவுதான் தூரம்.