ஒன்பதாவது அயிட்டம்

நான் அந்தக் கமிட்டியில் உறுப்பினர் இல்லை. என் கையெழுத்து நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதுவரை இங்கிலீஷில் எழுதிவந்த தீர்மானங்களை இனிமேல் தமிழில் எழுதலாம் என்று முடிவானபோது, பள்ளிக்கூடத்தில் யாருடைய எழுத்து படிக்கும்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். கணக்கு டீச்சரான என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் ஹெட்மாஸ்டர் அறையில் கூட்டம் நடக்கும். நான் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுவேன்.

பள்ளிக்கூடம் கொள்ளிடத்துக்கு வடக்கே முசிறி ரோட்டில் இருந்தது. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து டோல்கேட் வந்து, அங்கே பஸ் மாறிப் போவேன். அறுபதுகளின் ஆரம்பம். சில வருஷங்களுக்கு முன்புதான் அந்த உயர்நிலைப் பள்ளியில் பெண்களையும் சேர்த்துக்கொள்வது என்று கமிட்டி தீர்மானித்திருந்தது. அதற்காக மாலை போட்டுப் படமெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் ஹெட்மாஸ்டர் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தது. பெண்களுக்கென்று அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

கமிட்டியின் தலைவர் ஒரு ரைஸ் மில் முதலாளி. வெள்ளை ஜிப்பா, விரலில் பச்சைக்கல் மோதிரம். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அவருக்கு வலப்பக்கம் ஒரு ரிட்டயர்டு தாசில்தார். எந்த விஷயம் வந்தாலும் அதற்கு ஒரு ரூல் சொல்வார். மற்ற நாலைந்து பேரும் இவர்கள் இரண்டு பேர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள். ஹெட்மாஸ்டர் கமிட்டி முன்னால் மட்டும் நாற்காலி நுனியில் உட்காருவார்.

போன கூட்டத்துத் தீர்மானங்களைப் படித்து ஒப்புக்கொள்வார்கள். பிறகு டிரில் மாஸ்டரின் லீவு, சைக்கிள் ஷெட்டுக்குக் கீற்று மாற்றுவது, வெள்ளையடிப்பது, கரும்பலகைகளுக்கு மறுபடி கருப்புப் பூசுவது. வைகுண்ட ஏகாதசிக்கு உள்ளூர் விடுமுறை விடுவதா, விட்டால் அதை எந்தச் சனிக்கிழமையில் ஈடு செய்வது என்று ஒரு முறை முக்கால் மணி நேரம் பேசினார்கள். நடுவில் வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் வரும். கடைசியில் ஒரு விஷயம் பாக்கி இருக்கும். பட்டியலில் அது பெரும்பாலும் ஒன்பதாவதாக விழும். அதனால் எல்லோரும் அதை ஒன்பதாவது அயிட்டம் என்றே சொன்னார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ்.

நான் எழுதிய முதல் கூட்டத்தில் அந்த இடம் வந்ததும் தலைவர் தொண்டையைக் கனைத்தார். என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அம்மா இருக்காங்க. இது இப்ப வேணாமே. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

தாசில்தார், "ஆமாமா, லேடீஸ் இருக்கற இடத்துல..." என்று இழுத்தார்.

ஹெட்மாஸ்டர் என்னிடம், "ஒத்திவைக்கப்பட்டதுன்னு போட்டுக்குங்க" என்றார். போட்டுக்கொண்டேன். புது வேலை, பெரிய மனிதர்கள், என்னை மதித்துத்தானே சொல்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த மாதமும். பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு முன்னால் ஆண் குமாஸ்தா எழுதிய வருஷங்களிலும் அது ஒத்திவைக்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது. அப்போது பணமில்லை, இடமில்லை, தண்ணீர் வசதியில்லை என்று காரணம் தேட வேண்டியிருந்தது. இப்போது தேட வேண்டாம். அறையில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள், போதும். என்னையே காரணமாக்கி, என் கையாலேயே எழுத வைத்தார்கள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

ஆண் வாத்தியார்களும் பையன்களும் பின்பக்கத்துச் சுவரைத் தாண்டி வாழைக்கொல்லைக்குள் போய்விட்டு வருவார்கள். பெண்கள் எங்கே போவார்கள்? ரோட்டுக்கு எதிரே ஒரு மச்சு வீடு இருந்தது. அந்த வீட்டு அம்மாள் என்னைத் தன் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்து போகச் சொல்லியிருந்தாள். ஒரு நாள் நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படிக்கும் பெண்கள் இரண்டு பேரை உடன் அழைத்துப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"நீங்க ஸ்ரீரங்கத்துக்காரங்க, தாராளமா வாங்க டீச்சர். இதுங்க யாரு எவரோ. எல்லாரையும் உள்ள விட முடியுங்களா?"

அந்த இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "நீங்க போயிட்டு வாங்க டீச்சர், எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றாள் ஒருத்தி. நான் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கவேயில்லை. காலையில் ஸ்ரீரங்கத்தில் காபி குடித்தால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். பெண் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பது, நானே அப்படி இருந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் எடுத்துவருவதில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள்.

எதிர் வீட்டு வாசலில் என்னோடு நின்றவர்களில் ஒருத்தி தொட்டியம் போகும் ரோட்டில் ஒரு வாழைக்காரர் வீட்டுப் பெண். அவள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் வந்த முதல் ஆள் அவள்தான். ஜியாமெட்ரியில் என்னையே மடக்குவாள். நான் கரும்பலகையில் ஒரு வழி போட்டுக் காட்டினால், "டீச்சர், இந்தக் கோட்டை அந்தப் பக்கம் போட்டா சீக்கிரம் வந்துடுங்களே" என்பாள். வந்துவிடும். நான் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு, அவள் வழியையே எழுதுவேன்.

பங்குனி மாதத்து வெயிலில் ஒரு பிற்பகல் அவள் பெஞ்சிலிருந்து எழுந்து பதில் சொல்லப் போனவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ரோட்டில் போன ஒரு மாட்டு வண்டியை நிறுத்தி டோல்கேட் வரை கொண்டுபோய், அங்கிருந்து டாக்ஸி பிடித்துத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே ஒரு லேடி டாக்டர் பார்த்தார். வயதானவர், வாயில் தயவு கிடையாது.

"எத்தனை நாளா வலி?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "ரொம்ப நாளா இருக்குங்க."

"ஏன் சொல்லல?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கி வச்சிருக்கா. தண்ணியும் குடிக்கறதில்ல. உள்ள பூரா புண்ணாயிருக்கு. நீங்க டீச்சர்தானே? உங்க ஸ்கூல்ல கக்கூஸ் இல்லையா?"

"இல்லை" என்றேன். "ஏன்?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நான் உட்கார்ந்திருப்பதால் அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள் என்றா?

அவள் அம்மா மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பொழைச்சாளே, அதுவே போதுங்க. இனிமே அவ ஸ்கூலுக்கு வேணாம் டீச்சர். அவங்க அப்பாரும் அதான் சொல்றாரு" என்றாள். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே மகளுக்கு விசிறினாள்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை. அன்றைக்கு முக்கியமான விஷயம் பள்ளிக்கூட வாசலில் ஒரு சிமெண்டு வளைவு. தலைவரின் காலஞ்சென்ற தகப்பனார் பெயரில். ஆட்சேபணை இல்லை, ஒரு மனதாக நிறைவேறியது. பஜ்ஜி வந்தது. பிறகு ஒன்பதாவது அயிட்டம். தலைவர் வழக்கம் போல் கனைத்தார்.

"அம்மா இருக்காங்க..."

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். 

"நான் இருக்கேன்னு வெட்கப்படாதீங்க சார். கக்கூஸ். சொல்லுங்க. கக்கூஸ்னு சொன்னா நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன். உங்க ஸ்கூல்ல அது இல்லாம ஒரு பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கிறா. நாள் பூரா அடக்கி வச்சு உள்ள புண்ணாயிருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. அதையும் எழுதிக்கட்டுமா?"

ஹெட்மாஸ்டர், "டீச்சர், உட்காருங்க, உட்காருங்க" என்று கையை ஆட்டினார். தாசில்தார் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "குமாஸ்தா வேலை பார்க்கறவங்களுக்கு மீட்டிங்கில பேச ரூல் கிடையாது" என்றார்.

"அப்ப ரூல்ல என்ன இருக்கு சார்? அந்தப் பொண்ணு வாழைக்கொல்லைக்குப் போகணும்னு இருக்கா?"

தலைவர் மோதிரத்தைத் திருகினார். பிறகு, "கட்டிடலாம். ஆட்சேபணை இல்லையே" என்றார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இத்தனை வருஷம் ஆகாத காரியம் பஜ்ஜித் தட்டு ஆறுவதற்குள் ஆகிவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பணம் இருந்திருக்கிறது, இடம் இருந்திருக்கிறது. சொல்லத்தான் வாய் இல்லை.

வீட்டில் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. மேலதிகாரி என்றால் ஒரு படி தள்ளியே நிற்கிறவர்.

"அத்தனை ஆம்பிளைகள் நடுவுல நின்னுண்டு அந்த வார்த்தையைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"வேலையை விட்டுத் தூக்கிட்டா என்ன பண்றது?"

"தூக்கட்டும். நம்மாத்துல கக்கூஸ் இருக்கு, நான் ஆத்தோட இருந்துக்கறேன்."

அன்று ராத்திரி அவரே பால் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார்.

கோடை விடுமுறையில் கட்டி முடித்தார்கள். இரண்டு அறை, தகரக் கதவு, பக்கத்தில் ஒரு தொட்டி. முன் சுவரில் தலைவர் பெயர் பொறித்த சலவைக்கல். பள்ளிக்கூடம் திறந்ததும் ரிப்பன் கட்டி வெட்டினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு தொங்கியது. பையன்கள் நுழைந்து அசிங்கம் செய்துவிடுவார்கள் என்று பூட்டிவைக்க, லீவில் நான் இல்லாத ஒரு கூட்டத்தில் கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். சாவி ஹெட்மாஸ்டர் அறையில், அவர் தலைக்குப் பின்னால் ஓர் ஆணியில். வேண்டுகிற பெண்கள் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு, திரும்பக் கொடுத்துவிட வேண்டும். பதினாலு வயதுப் பெண், வாத்தியார்கள் கூடி நிற்கிற அறைக்குள் போய், ஹெட்மாஸ்டர் முன்னால் நின்று, எதற்கென்று சொல்லிச் சாவி கேட்க வேண்டும். ஒருத்தியும் போகவில்லை.

நான் போய் ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். "சாவியை என்கிட்ட கொடுங்க சார், நான் வச்சுக்கறேன்."

"தீர்மானத்துல ஹெட்மாஸ்டர் பொறுப்புன்னு இருக்கே டீச்சர். அடுத்த மீட்டிங்கில வச்சு மாத்திடுவோம்."

அடுத்த மீட்டிங், போதிய ஆள் வராமல் கோரம் இல்லையென்று, நடக்கவில்லை. அதற்கடுத்ததில் நேரமில்லை. ஆடி பிறந்துவிட்டது. பெண்கள் பழையபடி வாய் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இடைவேளை மணி அடித்ததும் நேரே மைதானத்தைக் கடந்து போனேன். சுவர் ஓரத்தில் கட்டட வேலையில் மிஞ்சிய கருங்கல் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கிப் பூட்டின் மேல் போட்டேன். முதல் அடியில் வளைந்தது. பூட்டு விழுகிற வரை போட்டேன். பையன்கள், வாத்தியார்கள், பியூன் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கதவைத் திறந்துவிட்டு, வாசலிலேயே மணி அடிக்கிற வரை நின்றேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஐந்தாம் பாரத்துப் பெண் ஒருத்தி என்னைப் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள்.

மெமோ வந்தது. பள்ளிச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது, ஒழுங்கீனம். நான் விளக்கம் எழுதவில்லை. கமிட்டி என்னைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதை எழுத வேறு ஆள் வைத்தார்கள். மேல் வகுப்புக் கணக்கைப் பிடுங்கிக்கொண்டு, முதல் பாரத்துக்குத் தக்கிளி நூற்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பைத் தந்தார்கள். புதுப் பூட்டு மட்டும் யாரும் போடவில்லை. எதனால் என்று எனக்குத் தெரியாது. இன்னொரு கல் இருக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்தப் பெண்ணைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியம் பஸ்ஸில் போனேன். வாழைத் தாருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உடம்பு தேறியிருந்தது. கதவு திறந்திருக்கிறது, திரும்ப வா என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"தை மாசம் கல்யாணம் வச்சிருக்குங்க டீச்சர்" என்றாள் அம்மா. "மாமன் மகன்தான். நல்ல பையன்."

அந்தப் பெண் என்னோடு ரோடு வரை வந்தாள். அழவில்லை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, "இப்ப ஜியாமெட்ரி யாரு எடுக்கறாங்க டீச்சர்?" என்று கேட்டாள். சொன்னேன். "அவரு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணச் சொல்வாரே" என்றாள்.

அந்த வருஷ ஆண்டு விழாவில் தலைவர், பெண் கல்விக்காகத் தாம் பட்ட பாட்டைப் பற்றிப் பேசினார். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி அவருக்குச் சால்வை போட்டார். கைதட்டல் ஓய்வதற்குள் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசல் வளைவுக்குக் கீழே தாசில்தார் காருக்காக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பரிவோடுதான் சொன்னார்:

"நீங்க கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாம்மா. நாங்களே செஞ்சிருப்போம். இவ்வளவு கெட்ட பேரு தேவையா?"

"அந்தப் பொண்ணு பொறுமையாத்தான் சார் இருந்தா" என்றேன்.

அவர் எந்தப் பெண் என்று கேட்டார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகமில்லை. நான் ரோட்டைத் தாண்டி பஸ்ஸுக்குப் போனேன்.