லூர்தம்மாவின் சாவு வண்டி

1. சேஸிஸ் நம்பர்

கரீம் பாய் கராஜில் சேர்ந்த அன்று நான் செய்த முதல் வேலை, ஒரு சாவு வண்டியின் அடியில் படுத்து, அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் நம்பர் தெரிய அழுக்கைச் சுரண்டியதுதான். அதற்கு முன் கோலாரில் சுரங்கம், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப், பிறகு லாரி கிளீனர் என்று எங்கும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. நம்பர் படிக்க அது போதும்.

வண்டி லூர்தம்மாவுடையது. நீலசந்திராவில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தவர். கிளட்ச் போய் கராஜுக்கு வந்திருந்தது. முன்பாதி பழைய சீமைக் கார். நீண்ட பானெட், பித்தளை ரேடியேட்டர். பின்பாதியில் தேக்குப் பெட்டி, இருபுறமும் கண்ணாடி, மேலே சிலுவை. யுத்த காலத்தில் அவர் புருஷன் ஏலத்தில் எடுத்து, காரின் பின்பக்கத்தை அறுத்துவிட்டு இந்தப் பெட்டியை ஏற்றினாராம்.

நான் கீழேயிருந்து நம்பரைச் சொன்னதும், பழைய கார்கள் சேர்க்கும் டாக்டர் ஒருவர் அப்படியே தரையில் குந்திவிட்டார்.

“மேஜர், கேட்டீங்களா? இந்த மாடல் நம்ம நாட்டுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் வந்துது. அதுல ஒண்ணு இங்க சாவு வண்டியா ஓடிட்டிருக்கு! இத வாங்கிப் பழையபடி ஆக்கிடணும்.”

மேஜர் அல்சூர்க்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் இதே பைத்தியம்.

“ஓடறது பாதி வண்டிதானே டாக்டர். பின்னாடி நீங்க புதுசா பாடி கட்டினா அது உங்க வண்டி. கம்பெனி வண்டி இல்ல.”

“நம்பர் இருக்கு. எஞ்சின் அதே எஞ்சின்.”

“மீசைய மட்டும் வச்சுக்கிட்டு, இதுதான் எங்க தாத்தான்னு சொல்றீங்க.”

“அரே, சண்டை அப்புறம் போடுங்க சாப்,” என்றார் கரீம் பாய். “வண்டி அந்தம்மாவோடது. அவங்க குடுக்கணுமில்ல?”

2. மாற்று வேன்

லூர்தம்மா தயங்கவில்லை. டாக்டர், பட்டாளம் கழித்துவிட்ட மிலிட்டரி டிஸ்போசல் வேன் ஒன்றை வாங்கி, இரும்பு பாடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, பதிலுக்குத் தருவதாகச் சொன்னார். “மேடு ஏறுமா?” என்று ஒன்றுதான் லூர்தம்மா கேட்டார். பழைய வண்டி மேட்டில் நின்றுவிடும். அழுதுகொண்டு வருபவர்களே இறங்கித் தள்ள வேண்டும். ஏறும் என்றோம். சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.

காருக்குப் புதிய பின்பாடி கட்டும் வேலை தொடங்கியது. எந்த மரம், எந்தக் கலர் என்று டாக்டரும் மேஜரும் தினமும் வந்து மோதினார்கள். எனக்கு ஒன்று புரியவில்லை. டாக்டரிடமே கேட்டேன்.

“புதுசா செய்யறது எப்படி சார் அசலாகும்?”

“கம்பெனி டிராயிங் அசல்டா,” என்றார்.

அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டு ரிவிட் அடித்தேன்.

3. ஏற்ற மாட்டோம் என்றவர்கள்

மழைக்காலத்தில் ஒருநாள் லூர்தம்மா வேனைக் கொண்டுவந்து கராஜ் வாசலில் நிறுத்தினார்.

“பாய், உன் வேன நீயே வச்சுக்க.”

“ஏம்மா, ஸ்டார்ட் ஆகலியா?”

“அதெல்லாம் ஜோரா ஆகுது. சாவு வீட்டுக்காரங்கதான் ஏத்த மாட்டேங்கறாங்க. நேத்து சவரியப்பன் பெஞ்சாதி செத்துப்போச்சு. ‘என் ரெண்டு பசங்களும் கண்ணாடி வண்டியில போனாங்க, இவள மட்டும் ரொட்டி வண்டியில அனுப்பறதா’ன்னு சொல்லிட்டு, தோள்லயே தூக்கிட்டுப் போயிட்டான். அதுக்கு முன்ன ரெண்டு வீடு வேற கடைக்குப் போயிட்டாங்க. இப்படியே போனா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

டாக்டர் முகம் வெளுத்தது. “அம்மா, காரைத் திருப்பிக் குடுக்க முடியாது. பாதி பிரிச்சாச்சு.”

“உங்க எஞ்சின் யாருக்கு வேணும் டாக்டரய்யா? என் பெட்டி எங்க?”

பெட்டி ஷெட்டுக்குப் பின்னால் நனைந்து கிடந்தது. மேலே பெயின்ட் டின்களை அடுக்கியிருந்தோம்.

மேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். “டாக்டர், நம்மள விடக் கறாரான ஆளுங்க நீலசந்திராவுல இருக்காங்க!”

வேனின் இரும்பு பாடியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஏற்றினோம். அகலம் பொருந்தவில்லை. மரக்கட்டை பேக்கிங் கொடுத்து யூ போல்ட் போட்டு இறுக்கினோம். ஒரு கண்ணாடி மட்டும் புதிது.

அடுத்த சாவுக்கு, போல்ட் தாங்குமா என்று பார்க்க கரீம் பாய் என்னையும் அனுப்பினார். செத்தவர் ஒரு கிழவி. மகன் வண்டியைச் சுற்றி வந்தார்.

“மூஞ்சி மாறியிருக்கே?”

 லூர்தம்மா ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கிழவியின் மகள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பலகையைத் தடவினார்.

“அப்பா போன வண்டிதான்ணா. அம்மாவ ஏத்துங்க.”

போல்ட் தாங்கியது. மேட்டிலும் வண்டி நிற்கவில்லை.

டாக்டரின் கார் அந்த வருஷம் பழைய கார் கண்காட்சிக்குப் போனது. அது அசலா இல்லையா என்று மேஜர் அங்கேயும் சண்டை போட்டார் என்று கேள்வி. இரண்டு வண்டியிலும் வேலை செய்தவன் நான். எது அந்தப் பழைய வண்டி என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கராஜ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வண்டி அசலா என்று யாராவது கேட்டால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் வந்த பிறகு ஸ்பானரை எடுத்தால் போதும்.