சீனப் பயணத்துக்கு ஆத்தா சொன்ன நாள்

என் மனைவி பாவாயம்மாளின் ஈரலில் கட்டி இருப்பது போன வருடம் புரட்டாசிக் கடைசியில் தெரிந்தது. கட்டி இருக்கும் இடத்தில் கத்தி வைக்க முடியாது என்று கோயம்புத்தூரில் சொல்லிவிட்டார்கள். அன்று திரும்பி வரும்போது காரில் நாமக்கல் வந்து சேரும் வரை அவள் கை என் கைக்குள் இருந்தது. உலகமே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. அதற்கு மேல் நான் செய்ததுதான் இந்தக் கதை.

நம் குலத்தாருக்காக, நம் கோயில் ஆண்டு மலருக்காக இதை எழுதுகிறேன். என்னை உங்களில் பலருக்குத் தெரியும். எருமப்பட்டிப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் வாத்தியாராக இருந்தவன். நம் ஆத்தா கோயில் திருப்பணிக் குழுவுக்குத் தலைவனாக இருந்தவன். அந்தப் பொறுப்பை ஏன் விட்டேன் என்று பல பேர் கேட்டீர்கள். மனைவி போன துக்கம் என்று சொல்லிவைத்தேன். அது பாதிதான் உண்மை.

என் மகன் சண்முகம் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகங்கள் விற்கிறான். சரக்கு எடுக்க வருடம் இரண்டு முறை சீனாவுக்குப் போய் வருபவன். கடைத்தெருவில் பேரம் பேசும் அளவுக்கு அவர்கள் பாஷை அவனுக்கு வரும். அவனுக்குச் சரக்கு அனுப்பும் ஒருவரின் தாயாருக்கு இதே நோய் வந்து, குவாங்சோ நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டியை உறைய வைத்து அழித்திருந்தார்கள். நம் ஸ்கேன் படங்களை அவன் அங்கே அனுப்பினான். ஐப்பசி இரண்டாம் வாரம் பதில் வந்தது.

பதில் தெளிவாக இருந்தது. இரண்டு முறை சிகிச்சை. நடுவில் நான்கு வாரம் இடைவெளி. இரண்டும் அவர்களுடைய புத்தாண்டுக்கு முன் முடிய வேண்டும், அது நமக்குத் தை மாதத்தில் வருகிறது. அப்போது பாதி ஊழியர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. ஆகவே கார்த்திகை பிறந்ததும் வந்து சேருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

கார்த்திகைதான் சரி என்று எனக்கும் தெரியும். குவாங்சோ கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஆடி ஆவணியில் புழுக்கமும் புயலும். ஐப்பசியில் வர்த்தகச் சந்தைக்கு வரும் வியாபாரிகள் கூட்டம், தங்க அறை கிடைக்காது. கார்த்திகையில் வானம் தெளிந்து, குளிரும் உறைக்காமல், நோயாளி தாங்கும்படி இருக்கும். வருடத்தில் அதைவிட நல்ல மாதம் அந்த ஊருக்குக் கிடையாது. வரைபடத்தில் குச்சி வைத்துப் பாடம் சொன்னவன் நான்.

ஆனால் கார்த்திகைக் கடைசி வாரம் நம் கோயில் கும்பாபிஷேகம். திருப்பணித் தலைவன் காப்புக் கட்டி, மனைவியோடு யாகசாலையில் உட்கார்ந்து சங்கல்பம் செய்ய வேண்டும். காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாது. மனைவி பக்கத்தில் இல்லையென்றால் அந்த இடமும் முதல் மரியாதையும் அடுத்த பங்காளிக்குப் போகும். பதினெட்டு வருடம் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். அதை எழுத இப்போது கை கூசுகிறது.

"தையில போலாம் சாமி. பொங்கல் முடியட்டும்" என்று மகனிடம் சொன்னேன்.

"அவங்களுக்கு அது பொங்கல் மாதிரிங்கப்பா. அப்ப அந்த ஊர்ல ஒரு நட்டு போல்ட்டு வாங்க முடியாதுங்க" என்றான் மகன்.

"நட்டு போல்ட்டுக் கடைக்கு லீவு இருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஏதுடா லீவு?"

"லீவுன்னு அவங்களே எழுதியிருக்கறாங்களே, படிச்சீங்களா இல்லீங்களா?"

பாவாயி பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, நான் பொழைக்கறதுக்கு நாள் பாக்கறீங்களா, சாவறதுக்கா? பையன் சொன்னாலும் கேக்க மாட்டீங்க, நான் சொன்னா அது பேச்சே இல்ல. ஆத்தாகிட்ட பூக் கேட்டுட்டு வாங்க. அவ போகச் சொன்னாப் போறேன், இருக்கச் சொன்னா இருக்கறேன்."

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து ஆத்தா காலடியில் வைத்து, மனதில் இருப்பதைச் சொல்லிக் கேட்பது. பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உடனே புறப்படுவது, சிவப்பு வந்தால் தை வரை பொறுப்பது என்று வீட்டில் பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலை நான் தனியாகப் போனேன். மகன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

பூசாரி எடுத்தார். வெள்ளை.

"இன்னொருக்கா எடுங்க பூசாரி. மனசு ஒரு நெலையில இல்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஒருக்கா கேட்டாக் கேட்டதுதானுங்க வாத்தியாரே. ஆத்தா என்ன சந்தைக்காரியா, வெல படியலீன்னு திருப்பிக் கேக்க?"

"எடுங்கன்னா எடுங்க."

எடுத்தார். மறுபடியும் வெள்ளை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பொட்டலங்களை நானே கலைத்து வைத்தேன். மூன்றாவது முறை சிவப்பு வந்தது. அதை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பூசாரி ஒன்றும் சொல்லவில்லை. அவரை வேலைக்கு வைத்த குழுவுக்குத் தலைவன் நான்.

பாவாயி அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அவ சொல்லிட்டா சரிதானுங்க" என்றாள். மகன் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தான்.

கும்பாபிஷேகம் நடந்தது. நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். மூன்று நாள் யாகப் புகையில் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். இரண்டாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "புகை கண்ணக் கரிக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள். முதல் மரியாதை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகாவது புறப்பட்டிருக்கலாம். மார்கழியில் எதையும் தொடங்கக் கூடாது என்றேன், மண்டல பூஜை என்றேன். தை பிறந்ததும் மகன் ஆஸ்பத்திரிக்கு எழுதினான். புத்தாண்டு விடுமுறை முடிந்து மாசியில் வாருங்கள் என்று பதில் வந்தது. அந்த வாரம் அவள் கண் மஞ்சளாகத் தொடங்கியது.

மாசியில் போனோம். அந்த மாதத்தில் குவாங்சோவில் கடலிலிருந்து ஈரக்காற்று வரும், சுவரெல்லாம் நீர் கோத்து வழியும் என்று நான் படித்திருக்கிறேன். அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். துவைத்த சேலை நான்கு நாளானாலும் காயாது. அறைச் சுவரில் விரல் வைத்தால் தண்ணீர் இறங்கும். "பாருங்க, செவுத்துக்கும் காச்சல்" என்று சிரித்தாள் பாவாயி. "ஊசி கூட வலிக்கலீங்க. இவங்க கஞ்சியில உப்புப் போடாததுதான் வலிக்குது" என்றாள். நான் உப்புக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன். அதுதான் அந்த ஊரில் நான் அவளுக்குச் செய்த உதவி.

புதுப் படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னையும் மகனையும் தனியாகக் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும். ஐப்பசிப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சண்முகம் கேட்டுக் கேட்டுச் சொன்னான். அப்போது ஒரே கட்டி. இப்போது அது பெரிய ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டது, ஈரலின் மறுபக்கமும் பரவிவிட்டது. இனி அழிக்க முடியாது. வலி குறைய ஒரு சிகிச்சை மட்டும் செய்யலாம். நாளாக நாளாக ஈரல் கெட்டு நினைவு குழம்பும், ஆட்களை அடையாளம் தெரியாமல் போகும், தயாராக இருங்கள்.

பிறகு டாக்டர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறாரு?"

"ஏன் அப்பவே வரலீன்னு கேக்கறாருங்கப்பா."

நான் வாயைத் திறக்கவில்லை. அவனே டாக்டரிடம் ஏதோ சொன்னான். டாக்டர் மெதுவாகத் தலையசைத்தார்.

"என்ன சொன்ன சாமி?"

"எங்க சாமி உத்தரவு குடுக்கலீன்னு சொன்னேனுங்க. வேற என்ன சொல்ல?" வெளியே வந்ததும் சொன்னான். "இனி அந்தக் கோயிலுக்கு நான் வரலீங்கப்பா. பெத்தவளக் கொன்ன சாமிக்கு நான் பொங்கல் வெக்க மாட்டேன்."

அப்போதும் நான் பேசவில்லை. என் பழியை ஆத்தா தலையில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மதியம், அவளைச் சிகிச்சை அறைக்குள்ளே கொண்டுபோன பிறகு, தாழ்வாரத்தில் நின்று வேண்டினேன். ஆத்தா, இவளைப் பிழைக்க வை என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. வலி குறையட்டும். நினைவு குழம்பாமல் ஊர் வந்து சேரட்டும். நான் செய்ததை இவளிடம் சொல்லி முடிக்கும் வரை இவள் காதும் என் வாயும் இருக்கட்டும். இவ்வளவுதான் கேட்டேன். அறுபத்தொன்பது வயதில், நானாக எந்தப் பதிலையும் முடிவு செய்யாமல் கேட்ட முதல் வேண்டுதல் அது.

மூன்றும் கிடைத்தன. வலி தாங்கும்படியாகக் குறைந்தது. பங்குனியில் ஊர் வந்தோம். நினைவு குழம்பும் என்று சொன்னார்களே, கடைசி நாள் வரை குழம்பவில்லை. நாமக்கல் டாக்டரே ஆச்சரியப்பட்டார். மருந்து என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். நான் யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் மகன் கடைக்குப் போன பிறகு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முதல் பூ வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. நான் மறைத்தேன். முதல் மரியாதைக்காக மறைத்தேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாள் என் கையால் கஞ்சி குடிக்கவில்லை, மருமகள்தான் கொடுத்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இத்தன மாசமா ஆத்தா மேல கோவமா இருந்தனுங்க. வெளக்கு வெக்கறப்பக் கூட அவ மொகத்தப் பாக்கல. பாவம், போகச் சொன்னவள நான் திட்டிட்டுக் கெடந்திருக்கறேன். மொதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேக்கோணும். என்னத் தூக்கி உக்கார வெய்ங்க."

உட்கார வைத்தேன். கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நெடுநேரம் கும்பிட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"பையன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் செத்ததுக்கப்புறம் சொன்னா அது ஆம்பளத்தனம் இல்ல. அவன் சாமியில்லாத பயலாப் போயிரக் கூடாது. உங்கள அப்புறம் பாத்துக்கறேன்."

அந்த அப்புறம் வரவில்லை. வைகாசியில் போய்விட்டாள். நல்ல நினைவோடு, மருமகளிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். மன்னித்தேன் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் இருக்கும்போதே மகனிடம் சொன்னேன். அவன் சத்தம் போடுவான் என்று நினைத்தேன். "அந்த டாக்டர் கேட்டப்ப நான் ஆத்தா பேரச் சொன்னேனுங்கப்பா. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க" என்றான். அவ்வளவுதான். இன்றும் அவன் வீட்டில்தான் இருக்கிறேன். நான் சாப்பிட்டேனா என்று மருமகளிடம் கேட்பான். என்னிடம் கேட்பதில்லை.

பூசாரியிடமும் போனேன். "நானும் வாயத் தொறக்கலீங்களே வாத்தியாரே" என்று அழுதார். இரண்டு பேரும் கோயில் வாசலில் நின்று அழுதோம். அன்றே குழுவிலிருந்து விலகினேன்.

இப்போது என்னிடம் சிலர் போனில் கேட்கிறார்கள். சீனாவுக்கு வைத்தியத்துக்குப் போக எந்த மாதம் நல்லது என்று. சொல்கிறேன். ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும் நல்லது. தையில் அவர்கள் புத்தாண்டு, போகாதீர்கள். மாசி பங்குனியில் ஈரம். ஆடி ஆவணியில் புயல். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: டாக்டர் எந்த நாளுக்குள் வரச் சொன்னார்? அந்த நாள் எந்த மாதத்தில் விழுந்தாலும் அதுதான் நல்ல மாதம். மார்கழியானாலும் புறப்படுங்கள். திருவிழா அடுத்த வருடமும் வரும்.

ஆத்தா கைவிட்டுவிட்டாள் என்று நம் குலத்தில் யாராவது நினைத்தால் இந்தக் கிழவனை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவள் இரண்டு முறை பதில் சொன்னாள். கேட்காதவன் நான். பொய்யனான பிறகு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று கேட்டபோதும் கொடுத்தாள். உங்கள் கஷ்டத்தோடு போய் நில்லுங்கள். உங்கள் விருப்பத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வருவதை வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் பொங்கலுக்கு என் மகன் கோயில் பக்கம் வந்தாலும் வரலாம். மருமகள் சொன்னாள், நிச்சயமில்லை. வந்தால் அவனிடம் என்னைப் பற்றிப் பேச வேண்டாம். எனக்காகப் பரிந்து பேசவும் வேண்டாம். கூட்டத்தை விலக்கி அவனை முன்னால் விடுங்கள்.