அடிக்குறிப்பைப் படிக்காதவள்

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவளுக்குக் கதை படிக்க ஏது நேரம் என்று யாராவது கேட்டால், அவர்கள் அவள் கடைக்கு வந்ததே இல்லை என்று அர்த்தம். கல்லாவுக்குக் கீழே, இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில், எப்போதும் ஒரு புத்தகம் கவிழ்ந்து கிடக்கும். ஆள் வந்தால் மாத்திரை, ஆள் போனால் மாயக்கோட்டை.

படித்ததோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. வாசகர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில் 'கசப்பு மருந்து' என்ற பெயரில் அபிப்பிராயமும் எழுதுவாள். முகத்துக்கு நேரே யாரையும் ஒரு சொல் சொல்லத் தெரியாத பெண் அவள். அந்தப் பெயருக்குள் புகுந்துகொண்டால் மட்டும் மிளகாய் அரைத்துத் தடவியது போல எழுதுவாள். அதனாலேயே அங்கே அவளுக்கு மதிப்பு.

அவளுடைய அண்ணி ஒரு எழுத்தாளர். பகலில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திவிட்டு, மாலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவள். அவள் எழுதியது, சதுப்பு நிலத்துக்குப் போய் வனதேவதைகளை ஆராயும் ஒரு பெண் அறிஞரின் கதை. முதல் பாகம் ஓரளவு ஓடியது. இரண்டாம் பாகம் அச்சாகி வந்ததும், முதல் பிரதியில் கையெழுத்துப் போட்டு நாத்தனாரிடம்தான் கொடுத்தாள். அவள் வேறு பெயரில் அபிப்பிராயம் எழுதும் சங்கதி அண்ணிக்குத் தெரியாது.

இங்கேதான் வந்தது வினை. அண்ணியின் புத்தகத்தைப் புகழ்ந்து எழுதினால், நாளைக்கு எவராவது மோப்பம் பிடித்து, சொந்தக்காரிக்குச் சொம்பு தூக்கினாள் என்பார்கள். அதற்குப் பயந்து, குறை எங்கே என்று தேடிக்கொண்டே படித்தாள். தேடினால் கிடைக்காதா? அறிஞருக்கு உதவியாளனாகப் பாதி மனிதன், பாதி தேவதையான ஒருவன் வருகிறான். முதல் பாகம் படித்தவர்கள் அவன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். இரண்டாம் பாகத்தின் நடுவில் அவன் காணாமல் போகிறான், பிறகு தலையே காட்டவில்லை. 'அப்படி ஒருத்தன் இருந்ததே ஆசிரியருக்கு மறந்துவிட்டது போலும்' என்று எழுதி, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டாள்.

அந்த வரி தீயாகப் பிடித்துக்கொண்டது. புத்தகத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட 'மறதி ஆசிரியர்' என்று கிண்டலடித்தார்கள். கடையில் நின்று அதையெல்லாம் படிக்கும்போது, உண்மையைச் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு யாரோ ஒருவர் பணிவாகக் கேட்டிருந்தார்: அடிக்குறிப்புகளைப் படித்தீர்களா?

அவள் படிக்கவில்லை. அறிஞரின் கதை என்பதால் பக்கத்துக்குப் பக்கம் அடியில் கோடு போட்டு, பொடி எழுத்தில் இந்தச் செடி இன்ன வகை, இந்தத் தேவதைக்கு உப்பு ஆகாது என்று குறிப்புகள். மாத்திரை அட்டைகளில் காலாவதித் தேதியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தே சலித்தவள், கதையிலுமா இந்தத் தொல்லை என்று சில பக்கங்களுக்குப் பிறகு தாண்டிப் போய்விட்டாள். கேட்டவருக்குச் சூடாகப் பதில் கொடுக்கலாம் என்றுதான் இப்போது புத்தகத்தைப் பிரித்தாள்.

காணாமல் போனவன் கோட்டுக்குக் கீழே இருந்தான். தேவதைகளிடம் சிறைப்பட்டவன், அறிஞரின் குறிப்புகளுக்கு நடுவில் ஒருநாள் தன் கையால் எழுதுகிறான்: 'தகவல் தவறு. உப்பு ஆகும்.' அறிஞரும் அங்கேயே பதில் எழுதுகிறார். மேலே ஆராய்ச்சி நடக்க, கீழே இருவரும் சண்டை போடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், கடைசியில் கல்யாணம் வரைக்கும் பேசி முடிக்கிறார்கள். கதையே அங்கேதான் இருந்தது. கடைக்கு வந்தவர் இரண்டு முறை கூப்பிட்டும் அவள் நிமிரவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? தப்பு என்னுடையது என்று அன்றைக்கே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். பெயர் கெட்டுவிடுமே என்று, சத்தமில்லாமல் அபிப்பிராயத்தை மட்டும் அழித்தாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஆசிரியர்தான் மிரட்டி எடுக்க வைத்திருக்கிறார் என்று புதிதாக ஒரு பேச்சு கிளம்பிவிட்டது.

ஒருநாள் அண்ணன் கடைக்கு வந்தான். மனைவிக்குத் தூக்கமே இல்லை, ஏதாவது மாத்திரை கொடு என்றான். மூன்றாம் பாகத்தை முதலிலிருந்து மாற்றி எழுதுகிறாள், கேட்டால் எரிந்து விழுகிறாள் என்றான். சீட்டு இல்லாமல் தர முடியாது என்று சொல்லி அனுப்பினாள். அப்போதே கடையைப் பூட்டிவிட்டு அவன் பின்னால் போயிருக்கலாம். சரக்கு எடுக்கும் வாரம் என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள்.

அந்த வாரம் கழிந்து அவள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி சமையலறை மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்த முன்னுரை எதுவும் வாயில் வரவில்லை.

"அந்தக் கசப்பு மருந்து நான்தான் அண்ணி. அடிக்குறிப்பப் படிக்காமலே எழுதிட்டேன்."

அண்ணி சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். திட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள், அண்ணி திட்டவில்லை. ஒன்றுமே படிக்கவில்லையா என்று மட்டும் கேட்டாள். முதல் சில பக்கங்களில் இருந்தவற்றை மட்டும் என்றாள் இவள். இப்போது முழுதும் படித்துவிட்டேன், மூன்றாம் பாகத்தில் அவனை விட்டுவிடாதீர்கள், நானே பெயர் போட்டு எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று கெஞ்சினாள்.

"நேத்தே பதிப்பகத்துக்கு அனுப்பிட்டேன். அதுல அடிக்குறிப்பே கிடையாது. மொத அத்தியாயத்துலயே அவனச் சாகடிச்சுட்டேன்."

இவள் அழ ஆரம்பித்தாள். அண்ணி சமாதானப்படுத்தவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. விடைத்தாள்களை அடுக்கி வைத்தாள். பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னாள்.

"நீ கடையில நின்னுக்கிட்டே படிக்கிறவ. நடுவுல ஆளு வரும், போகும். உனக்குத் தோதா இருக்கட்டும்னுதான் அவங்க ரெண்டு பேரு பேச்சையெல்லாம் துண்டு துண்டா கீழ வெச்சேன்."