கராஜுக்கு என்ன குறை

என் அக்கா விமலாவின் கணவர் சுஜீதனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நடுநிலையோடு எழுதவில்லை என்று பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. அவருக்கும் என்னைக் கண்ணில் காட்டக்கூடாது. நான் இருக்கிற ஹோம்புஷிலிருந்து மெல்பேர்னுக்கு அவர்களிடம் போகும்போதெல்லாம் விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவார். வழி முழுவதும் எந்த வீதியில் நெரிசல் என்பதைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

வெளியில் அவருக்கு நல்ல பெயர். தமிழ்ச் சங்கத்தில் மைக் வேலை செய்யாவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாணவராக வந்து, படித்து, ஒரு பெரிய களஞ்சியத்தில் மேலாளராகி, கிரெய்கிபர்னில் காணி வாங்கி வீடு கட்டியவர். எந்த விருந்திலும் இரண்டாவது கிளாஸ் உள்ளே போனதும் ஸ்பிரிங்வேல் கதை தொடங்கும். வந்த புதிதில் யாரோ ஒருவருடைய வீட்டுக் கராஜில் மெத்தை போட்டுப் படுத்தது, குளிர் தாங்காமல் கைகளுக்கும் சொக்ஸ் மாட்டிக்கொண்டு பரீட்சைக்குப் படித்தது. கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நானும் முதல் தடவை உச்சுக்கொட்டினேன். இப்போது அந்தக் கதை தொடங்கினால் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன்.

பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் நான்கு அறைகள். ஒன்றில் அவர்கள் படுப்பார்கள். ஒன்று அத்தானின் அலுவலக அறை. ஒன்று தியேட்டர் ரூம், அதில் கால் நீட்டிப் படுக்கிற பெரிய சோபாக்கள், வருடத்தில் மூன்று படம் பார்ப்பதற்கு. நாலாவது விருந்தினர் அறை. நான் போனால் எனக்கு அந்த அறை. அப்பாவுக்குக் கராஜ்.

அப்பா வவுனியாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அம்மா போனபிறகு அத்தான்தான் விசாவுக்குக் கையெழுத்துப் போட்டு அவரை இங்கே கூப்பிட்டார். அதைக் கிழமைக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவார். நான் ஒற்றை அறை ஃபிளாட்டில் இன்னொருத்தியோடு இருக்கிறேன், அப்பாவை எடுத்துக்கொண்டு போக எனக்கு வழியில்லை. அது தெரிந்தபடியால்தான் அந்த மனிதருக்கு அவ்வளவு கொழுப்பு. முதல் தடவை கராஜில் அப்பாவின் கட்டிலைப் பார்த்து நான் சத்தம் போட்டபோது, தொலைபேசியிலிருந்து தலையைக்கூட எடுக்காமல் பதில் சொன்னார்.

"கராஜுக்கு என்ன குறை? ஹீட்டர் இருக்கு, கார்ப்பெட் இருக்கு. மாமாவுக்கு இருமல். உள்ள படுத்தா எங்களுக்கு நித்திரை இல்லை."

அக்காவும் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னாள். இருமல்தான் காரணம் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். நம்பினால்தானே அந்த மனிதரோடு குடும்பம் நடத்த முடியும்.

கராஜில் குறை இருந்தது. அங்கே டொய்லெட் இல்லை. வீட்டிலிருந்து கராஜுக்குப் போக ஒரு கதவு முதலில் இருந்தது. வீடு கட்டின புதிதில் வாஸ்து பார்க்க வந்த ஒருவர், அந்தக் கதவு இருக்கிற மூலைதான் ஈசானிய மூலை, சாமிக்கு உரியது என்று சொல்லிவிட்டார். அத்தான் கதவை மூடி, குறுக்கே பலகைகள் அடித்து, தட்டுகள் பொருத்தி, நடுத்தட்டில் கருங்கல் பிள்ளையாரை இருத்தினார். போகவரக் கட்டின வாசலை அடைத்துச் சாமி வைக்கிற புத்தி எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். அதற்குப் பிறகு கராஜுக்கு ஒரே வழி, வீதியைப் பார்த்த அந்தப் பெரிய தூக்குக் கதவு.

அப்பாவுக்குக் கால் வீக்கம். தண்ணி போகிற குளிசை போடுகிறவர், அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் இடுப்பில் கட்டின சாரத்துக்கு மேல் மடிப்புக் கலையாத சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தூக்குக் கதவின் பட்டனை அழுத்துவார். கதவு ஊரைக் கூட்டிக்கொண்டு மேலே போகும். அவர் வெளியே வந்து, பக்கத்துக் கேற்றால் சுற்றி, பின்வாசலால் உள்ளே போய், வேலையை முடித்துக்கொண்டு அதே வழியால் திரும்புவார். மழைக்கும் அதே வழி, குளிருக்கும் அதே வழி. கதவு தேய்கிறது என்று அத்தான் முணுமுணுப்பார்.

தேயத்தான் செய்தது. கதவைத் தூக்குகிறது மேலே இருக்கிற ஒரு ஸ்பிரிங், கார் காலையில் போய்ப் பின்னேரம் வருவதற்கு என்று செய்தது. ஒரு வயதானவர் ஒன்றுக்குப் போவதற்காக நாள் முழுவதும் ஏறி இறங்கினால் அது எத்தனை காலத்துக்குத் தாங்கும்?

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் அக்காவும் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தோம். கராஜ் பக்கமிருந்து வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. காஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து வீட்டு முன்பக்கம் ஓடினோம். கதவு மூடியபடியே கிடந்தது. உள்ளேயிருந்து அப்பாவின் குரல் நிதானமாக வந்தது. மேலே இருந்த ஸ்பிரிங் இரண்டாக முறிந்துவிட்டது, தனக்கு ஒன்றுமில்லை, வெளியே போக வெளிக்கிட்டுப் பட்டனை அழுத்தினதுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை என்றார். குளிசை போட்டாயிற்று, தேத்தண்ணியும் குடித்தாயிற்று என்பதை அவர் சொல்லவில்லை. அது எங்களுக்குத் தெரியும்.

அத்தான் ரிமோட்டோடு வந்தார். மோட்டார் முனகியது, கதவு அசையவில்லை. மறுபடி மறுபடி அழுத்தி மோட்டாரையும் கருக்கினார். கதவு திருத்துகிற ஆளுக்குப் போன் எடுப்போம் என்று நான் நம்பர் தேடினேன். ஒருத்தரும் வரத் தேவையில்லை என்றார். வருகிறவன் கட்டிலைக் காண்பான், நகர சபைக் கவுன்சிலுக்குச் சொல்வான், கராஜில் ஆள் வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பு என்று கடிதம் வரும். எதிர்வீட்டில் ஆறடிப் பஞ்சாபிக்காரர் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். உதவி வேண்டுமா என்று கையை உயர்த்திக் கேட்டார். அந்த ஆளும் கை கொடுத்தால் தூக்கியிருக்கலாம். அத்தான் பல்லைக் காட்டி, "ஓல் குட், மேட்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பல்லைத் தட்டியிருப்பேன்.

பிறகு தொலைபேசியில் கதவு திருத்துகிற வீடியோ பார்த்துப் பார்த்து, கதவுக்கு வெளியே நின்று அப்பாவுக்குக் கட்டளை போட்டார். சிவப்புக் கயிற்றை இழுங்கோ என்றார். அப்பா இழுத்தார். இப்போது மோட்டாரின் பிடியும் விட்டுக் கதவு வெறும் பாரமாகக் கிடந்தது. நானும் அவரும் குனிந்து தூக்கினோம். ஒரு சாண் எழும்பியது, அந்த இடைவெளியில் அப்பாவின் செருப்புப் போட்ட கால்கள் தெரிந்தன. அதற்குமேல் எங்களால் முடியவில்லை. கதவு தொப்பென்று விழுந்தது. அத்தான் மயிரிழையில் விரல்களை இழுத்துக்கொண்டார். போயிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

"விமலா, கொஞ்சம் கெதியாப் பாருங்கோ, பிள்ளை," என்றார் அப்பா உள்ளேயிருந்து. ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

சாமித்தட்டைக் கழற்றி அந்தக் கதவைத் திறக்கலாமே என்று அக்கா மெல்லக் கேட்டாள். இருத்தின சாமியை அசைக்கக்கூடாது என்றார் அத்தான். "உள்ள பெயின்ற் வாளி ஒண்டு கிடக்கு. மாமாவை அதுக்குள்ள போகச் சொல்லுங்கோ."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டரை வாளிக்குள் போகச் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று வீதி கேட்கக் கத்தினேன். அவரும் கத்தினார். இருபது வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"ஸ்டேஷன் மாஸ்டரோ? எங்களுக்குக் கலியாணம் பேசேக்க உங்கட அப்பா என்ன சொன்னவர் தெரியுமோ? கராஜில படுக்கிறவனுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது எண்டு கேட்டவர். தரகர் என்ர அம்மாவிட்டச் சொல்லி, அம்மா அழுதவ. இப்ப அவர் படுத்துப் பார்க்கட்டும்."

கதவுக்கு அந்தப் பக்கம்தான் அப்பா நின்றார். எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்.

அப்பா அப்படிச் சொன்னது பிழைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தாய் அழுத கண்ணீருக்குப் பழி வாங்க, மாமனார் கிழவனாகி, மனைவியை இழந்து, கால் வீங்கி வரும்வரைக்கும் ஒருவன் காத்திருப்பான் என்றால், அவனை மனிதன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப, இருமலுக்காக இல்லை," என்றாள். அவள் வீட்டுக்குள் போனாள்.

சுத்தியல், டிரில் எல்லாம் கராஜுக்குள் மாட்டுப்பட்டிருந்தன. அக்கா குசினியிலிருந்து ஆட்டிறைச்சி வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தாள். முதலில் கும்பிட்டுவிட்டு, பிள்ளையாரோடு தட்டுகளில் இருந்த லட்சுமியையும் முருகனையும் தூக்கி, தியேட்டர் ரூம் சோபாவில் வரிசையாக வைத்தாள். பிள்ளையாரை என் கைகளில் தந்தாள். சரியான பாரம். பிறகு தட்டுகளைத் தட்டி விழுத்தி, பலகைகளுக்கு இடையில் கத்தியைச் செருகி நெம்பினாள். அத்தான் பின்னால் நின்று, விமலா, அது இறைச்சிக் கத்தி, அது இறைச்சிக் கத்தி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தன. கடைசிப் பலகையை நானும் காலால் உதைத்தேன்.

கதவு திறந்தபோது அப்பா அந்தப் பக்கம் நின்றார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. சாரம் முன்பக்கம் நனைந்திருந்தது. மூலையில் பெயின்ற் வாளி காய்ந்தபடி கிடந்தது.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற மருமகனைப் பார்த்தார்.

"கார்ப்பெட் கொஞ்சம் நனைஞ்சு போச்சு, தம்பி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார்.

நான் அழுதேன். அக்கா அழவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக் குளியலறைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, துவாயும் மாற்றுச் சாரமும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். என் கையிலிருந்த பிள்ளையாரை வாங்கினாள். கராஜுக்குள் போய், அப்பாவின் கட்டிலில் தலையணையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இருத்தினாள்.

அத்தான் பதறிப்போனார். "கராஜுக்குள்ள சாமியை வைக்கிறதோ?"

அக்கா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரைக் கடந்து விருந்தினர் அறைப் பக்கம் நடந்தாள்.

"கராஜுக்கு என்ன குறை?" என்றாள். "ஹீட்டர் இருக்கு, கார்ப்பெட் இருக்கு."

அடுத்த நாள் ஆள் வந்து ஸ்பிரிங் மாற்றிவிட்டுப் போனான், கவுன்சிலிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அப்பா விருந்தினர் அறையில் படுக்கிறார், இருமுகிறார். அத்தான் காலையில் குளித்துவிட்டு விபூதி பூசிக்கொண்டு, சாமி கும்பிடக் கராஜுக்குப் போகிறார்.